வளைந்த காலணி

ஜெசிந்தாவின் வலதுகால் கட்டைவிரலுக்கு ஒரே ஆசைதான்: அந்தப் பெரிய பாறையின் உச்சியை ஒருநாள் மிதித்துவிட வேண்டும். பாறையேறும் காலணி வாங்கக் கடைக்குப் போனபோது, தட்டையான ஒரு ஜோடிக்குள் நுழைந்ததுமே அது நிம்மதியாக நீட்டிப் படுத்தது.

"இதுவே போதும். நாள் முழுக்க ஏறணும், பாறையில வெடிப்புக்கு வெடிப்பு என்னைச் செருகி நிக்கணும்" என்றது.

"மகாராஜாவுக்கு மெத்தை கேக்குதோ?" என்று சிரித்தது பக்கத்திலிருந்த வளைந்த காலணி. "வலிச்சாத்தான்யா பிடிப்பு!"

கண்ணுக்குப் பிடித்துப் போனபின் காலைக் கேட்பவர் யார்? வளைந்ததே வீட்டுக்கு வந்தது.

பாதிப் பாறையில் கட்டைவிரல் மரத்துப்போனது. குறுகிய விளிம்பொன்றில் நின்று, வலி தாங்காமல் ஜெசிந்தா வலது காலணியைக் கழற்றினாள். திரும்ப மாட்டப் பார்த்தால், வீங்கிய கால் உள்ளே போக மறுத்தது. இழுத்த இழுப்பில் காலணி கைநழுவிப் பள்ளத்துக்குள் போயே போனது.

வேறு வழியில்லாமல் ஜெசிந்தா இறங்குவதற்குக் கயிற்றைக் கட்டினாள். கட்டைவிரல் உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டது.

"அண்ணன் எங்கே?" என்று கேட்டது இடது காலணி.

"அவரு முன்னாடியே இறங்கிட்டாரு. நாம பின்னாடி போறோம்" என்றது கட்டைவிரல்.