குடுமியான்மலையிலிருந்து ஐந்து பேர்

சமையல் கொட்டகைக்குப் பின்னால், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கோபிநாத் காலையிலிருந்து ஒளிந்திருந்தான்.

மாமா ஆண்டியப்பன் வீட்டுக் கிடாவிருந்து. எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று கூட்டிச் சொல்வது அவன் பொறுப்பு. விரல்விட்டு எண்ணினால் ஒரு வெற்றிலை போடும் நேரம். அவன் கம்ப்யூட்டர் கோர்ஸில் புதிதாகச் சேர்ந்தவன், புரோகிராம் எழுதினான்.

எண்ணாக வாங்க வேண்டியதை எழுத்தாக வாங்கிவிட்டான். கம்ப்யூட்டருக்குள் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. 5 என்கிற எழுத்துக்கு ஐம்பத்து மூன்று.

குடுமியான்மலைச் சித்தப்பா, "அஞ்சு பேருதான் வாரோம்" என்றார். புரோகிராம் ஐம்பத்து மூன்று பேரைக் கிளப்பியது. அன்னவாசல் அத்தை இரண்டு பேர் என்றாள். அங்கிருந்து ஐம்பது.

மொத்தத்தைப் பார்த்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. கம்ப்யூட்டரை எதிர்த்துப் பேசுகிற அளவுக்கு எங்கள் பக்கம் படிப்பு வளரவில்லை. மாமா கூடுதல் கிடாய்க்கு ஆள் அனுப்பினார்.

இன்று காலை கோபிநாத்துக்குத் தவறு பிடிபட்டபோது கிடாய்கள் குழம்பாகியிருந்தன.

மிஞ்சுகிற கறியை மாமா இவன் தலையில் கொட்டுவார். அது போகட்டும். மகள் பிரகதீஸ்வரியை இவனுக்குக் கொடுப்பதாக இருந்த பேச்சும் அந்தக் குழம்போடு போய்விடும்.

கொட்டகைக்குள் அண்டாவைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்டது. மூட்டை விலகியது. வியர்வை வழிய மாமா நின்றார்.

"இங்கிட்டா இருக்க? குடுமியான்மலைக்கு எம்புட்டுப் பேருடா போட்ட?"

"அம்பத்தி மூணு, மாமா."

"அதான் பாத்தேன்! ரெண்டு வேன், ஒரு மினி லாரியில வந்து எறங்கியிருக்காங்க. அன்னவாசக்காரங்க தெருவையே பூட்டிட்டு வந்துட்டாங்க. கடைசிப் பந்திக்கு வெறும் ரசந்தான். இம்புட்டுக் கொறச்சலாவா கணக்குப் போடுவ?"

கோபிநாத் எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டான்.

"தப்புத்தான் மாமா. புரோகிராம்ல ஒரு சின்னக் கோளாறு."

செய்த தவறை மறைக்காமல் ஒப்புக்கொள்கிற பையன் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறான்? மாமா அந்த இடத்திலேயே பெண் கொடுப்பது என்று முடிவு செய்தார்.