நாடி முப்பத்தாறு

சயாமுக்கு ரயில் போட ஆள் எடுக்க வந்த ஜப்பான் டாக்டரிடம் ஒரு கணக்கு இருந்தது. நாடி நிமிடத்துக்கு ஐம்பதுக்குக் கீழே அடித்தால் நெஞ்சு பலவீனம், ஆள் வேண்டாம். முதல் தடவை அப்படித் தப்பியவன் திகாம் பத்து ரப்பர் தோட்டத்தின் ஓட்டக்காரன் பரஞ்சோதி. அவன் நாடி முப்பத்தாறு. ஓடி ஓடிப் பெருத்த இதயம் இரண்டு துடிப்பின் ரத்தத்தை ஒரே துடிப்பில் தள்ளிவிடும் என்பது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் தேவதாசனுக்குத் தெரியும். டாக்டரிடம் வாயைத் திறக்கவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மட்டும் சொன்னார். சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை.

மறுநாளிலிருந்து விடியற்காலையில், பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்பே, ஆண்கள் எல்லாரும் ஓடினார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு எட்டு மாதம் ஓடினார்கள்.

"நம்ம ஆம்பளைங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு லா!" என்று ராக்காயி சிரித்தாள்.

டாக்டர் மறுபடி வந்தார். தேவதாசன் நாடி பிடித்துச் சொன்னார். நாற்பத்தெட்டு, வேண்டாம். நாற்பத்தொன்று, வேண்டாம். வரிசையே இளித்துக்கொண்டு நின்றது.

கடைசியில் ராக்காயியின் புருஷன் மணியம் நின்றான். போன வருடம் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவன். தேவதாசன் அவன் கையைப் பிடித்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். மறு கையிலும் எண்ணினார்.

"எப்பயடா வந்தனி?"

"இப்பதாங்கய்யா. அங்கேருந்து ஓடியே வந்துட்டேன்."

"எத்தனை?" என்றார் டாக்டர்.

"பூஜ்யம்."

"ரொம்பப் பலவீனம். வேண்டாம்."

மணியம் கும்பிட்டுவிட்டு லயத்தைப் பார்த்து ஓடினான். எட்டு மாதம் ஓடிப் பழகியவர்கள் துரத்தியும், பரஞ்சோதியால்கூட அவனை எட்டிப் பிடிக்க முடியவில்லை.