உட்கார்ந்து மறத்தல்

சிங்செங் மலை மடத்தில் ‘உட்கார்ந்து மறத்தல்’ என்ற தாவோ தியானப் பயிற்சிக்கு அன்று தேர்வு. சான்றிதழ் இல்லாமல் போனால் பேராசிரியர் ஓயாங் லெய்க்குத் துறைத்தலைவர் நாற்காலி கிடையாது.

மடத்துத் தலைவி கூ கேட்டார்: “எந்த ஊரு?”

“மறந்துட்டேன், குருவே.”

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“மறந்துபோச்சு.” மடத்துக் கஞ்சியை மறப்பது சுலபம்.

“பொண்டாட்டி பேரு?”

“பொண்டாட்டியையே மறந்துட்டேன்.”

“பிரமாதம். சான்றிதழ்ல என்ன பேரு எழுதணும்?”

“டாக்டர் ஓயாங் லெய். டாக்டரை விட்டுடாதீங்க.”

தலைவி தூரிகையைக் கீழே வைத்தார். “பேரு மறக்கலையே. அடுத்த வருஷம் வாங்க.”

“அநியாயம், குருவே. போன வருஷமும் இதே கேள்வியிலதானே என்னைக் கவுத்தீங்க?”

தலைவி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை.

“போன வருஷமும் வந்தீங்களா?”