ஹோல்கம் வந்திருந்தார்

"அசையாம நில்லுங்க" என்று சொல்லி, வந்தவருடைய வேட்டைக் கோட்டின் கையில் தொங்கிய விலைச்சீட்டை வெர்னா பல்லால் கடித்து அறுத்தாள். வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் உள்ளங்கைகளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"பயமா இருக்கும்மா" என்றார்.

"கொஞ்ச நேரம் பேசுங்க, போதும். அப்பாவுக்கு நுரையீரல்தான் போச்சு, கண்ணும் காதும் போகல. பாத்துப் பேசுங்க."

உள்ளே, ஜன்னலோரக் கட்டிலில் ஆர்லோ கிடந்தார். வருஷம் தவறாமல் மொன்டானா மலையேறி எல்க் மான் வேட்டையாடிய மனிதர். இந்த வருஷம் வேட்டைப் பருவம் தொடங்கியபோது அவர் மூக்கில் ஆக்சிஜன் குழாய் ஏறிவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அவருக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. வேட்டைப் பத்திரிகையில் முப்பது வருஷமாக எழுதும் விக் ஹோல்கமை நேரில் பார்த்துவிட வேண்டும். துப்பாக்கிக் கடையில் யார் என்ன வாதாடினாலும், "ஹோல்கம் அப்படி எழுதலையே" என்பார் ஆர்லோ. அதோடு கடையே வாயை மூடிக்கொள்ளும். அந்த ஹோல்கம் எப்படி இருப்பார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பத்திரிகையில் அவர் பெயருக்கு மேல் ஒரு தொப்பியை மட்டும்தான் வரைந்து போடுவார்கள்.

மருந்து, சூப், படுக்கை மாற்றுவது என்று ஓடி ஓடி வெர்னாவுக்கு மனசு மரத்துப் போயிருந்தது. அப்பா சாகப் போகிறார் என்பதே வேறு யார் வீட்டுச் செய்தியோ போல இருந்தது. அழுகை வரவில்லை. இந்த ஒரு ஆசையையாவது எப்பாடுபட்டாவது முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் இருந்தது.

"அப்பா, யாரு வந்திருக்காருன்னு பாருங்க. உங்க ஹோல்கம்!"

ஆர்லோ முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "அடேயப்பா! எழுத்தப் படிச்சுட்டு ஆறரை அடி இருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"உக்காந்துதானே எழுதறேன், உசரம் எங்க தெரியப்போவுது?" என்றார் வந்தவர்.

ஆர்லோ இருமி இருமிச் சிரித்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. "பனிப்புயல்ல ஒத்தக் குண்டோட கரடி முன்னாடி நின்னீங்களே, அதச் சொல்லுங்க" என்று கேட்டார்.

வந்தவர் சொன்னார். போன வாரம்தான் வெர்னா அந்தக் கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். எழுதியிருந்ததற்கு ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆர்லோவின் உதடுகளும் கூடவே முணுமுணுத்தன, பாதியில் நின்றுவிட்டன.

போர்வைக்குப் பக்கத்தில் கிடந்த தன் பழைய ரைஃபிளை எடுத்து அவர் நீட்டினார். "ஒரு தடவை உங்க கையில குடுத்துப் பாக்கணும்னு ஆசை."

வந்தவர் இரண்டு கைகளாலும் வாங்கினார். அதன் மரப்பிடியைத் தடவினார், ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "அருமையான துப்பாக்கி" என்று திருப்பிக் கொடுத்தார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் ஆர்லோ. "களைப்பா இருக்கு. மன்னிக்கணும்."

வந்தவர் வெளியே போய்க் கதவைச் சாத்தியதும் ஆர்லோ மகளைப் பார்த்தார். "யாரும்மா இவன்? நாடகக்காரனா?"

"என்னப்பா இப்படிக் கேக்கறீங்க?"

"கரடிக் கதைய மனப்பாடப் பாட்டு மாதிரி ஒப்பிச்சான். அதான் சந்தேகப்பட்டு, வேணும்னே துப்பாக்கிய மூடினபடி குடுத்தேன். கைக்கு வந்ததும் மொதல்ல என்ன பண்ணணும்? தெறந்து உள்ள குண்டு இருக்கான்னு பாக்கணும். பால்குடி மறந்ததுமே உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். இவன் என்னடான்னா புள்ளையக் கொஞ்சற மாதிரி தடவறான்! ஹோல்கம் தலைபாடா அடிச்சுக்கிட்டு எழுதறதே அதத்தானே? அவரு கனவுலகூட இப்படிச் செய்ய மாட்டாரு."

வெர்னா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"தப்புதான்பா" என்றாள். "ஹோல்கமால வர முடியலன்னுட்டாங்க. நீங்க ஏமாந்துடக் கூடாதேன்னு நான்தான் ஒரு ஆளைப் பிடிச்சுட்டு வந்தேன்."

ஆர்லோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கிறுக்கு! எனக்காகவா இத்தனை கூத்து? போகட்டும் விடு. அந்தக் கரடிக் கதைய நீயே படி. ஹோல்கம் குரல் எனக்கு அதுலதான் கேக்கும்."

அவள் படித்தாள். கரடி கண்ணில் படுவதற்கு முன்பே அவர் தூங்கிவிட்டார். முகத்தில் ஒரு குறையும் இல்லை.

வெளியே, வண்டிக்குப் பக்கத்தில் வந்தவர் நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஏறி உட்கார்ந்ததும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்பா என்னம்மா சொன்னாரு?"

"ஹோல்கம் மாதிரி ஒரு வேட்டைக்காரர் உலகத்துலயே இல்லன்னாரு."

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். வெர்னா வண்டியைக் கிளப்பினாள். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் கேட்டாள்:

"முப்பது வருஷமா எழுதறீங்களே மிஸ்டர் ஹோல்கம், ஒரு தடவையாவது வேட்டைக்குப் போயிருக்கீங்களா?"