படகுக்குப் பேர் மாற்றும் நாள்

"இந்த வாரமும் பேரை மாத்தலையா?"

சபிஹா இடியாப்பத் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

பரீத் தலை நிமிரவில்லை. "பெரியவர் நாள் சரியில்லைங்கிறார். கரிநாளாம்."

"போன வாரம்?"

"அஷ்டமி."

"அதுக்கு முந்தின வாரம்?"

"செவ்வாய்க்கிழமையில பேரை அழிக்கக் கூடாதாம்."

"நீங்க அங்க போறதே செவ்வாய்க்கிழமை மட்டும்தானே?"

பாலுக்குச் சர்க்கரை போதவில்லை என்றான் பரீத்.

காளவாசலில் மீன்கடை வைத்திருக்கும் பரீத், செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாயை மீன் பிடிக்கக் குத்தகைக்கு எடுத்திருந்தான். அங்கே முன்பு மீன் பிடித்த பெரியவர் முத்திருளனிடமிருந்து அவருடைய ஃபைபர் படகையும் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. படகின் ஒரு பக்கத்தில் 'முத்துத்தாய்' என்று கோணல்மாணலாக எழுதியிருக்கும். முத்திருளனின் மனைவி பேர். அந்த அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்.

அதை அழித்துவிட்டு 'சமீனா' என்று எழுதப்போவதாக மகளிடம் சொல்லியிருந்தான் பரீத். மூன்றாம் வகுப்புக்காரி சும்மா இருப்பாளா? பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது தோழிகள் போட்டோ கேட்கிறார்கள். நேற்று ராத்திரி, "அத்தா பொய் சொல்றாங்க" என்று அழுதுகொண்டே தூங்கிப்போனாள்.

பெற்றவளுக்கு எரியாமல் என்ன செய்யும்?

"நீங்களே தேச்சு அழிச்சா என்ன?"

"பேர் வச்ச கைதான் அழிக்கணுமாம். வேற ஆளு அழிச்சா படகு கவுந்துருமாம்."

"அந்தக் கண்மாய்ல இருக்கிறதே இடுப்பளவு தண்ணி. கவுந்தா எந்திரிச்சு நிக்க வேண்டியதுதான். வித்த பொருள் மேல அவருக்கு என்னங்க பாத்தியதை?"

"அவங்க சாங்கியம் சபிஹா. விடு."

அவள் விடவில்லை. மறுநாள் புதன்கிழமை. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, காளவாசலில் ஒரு சின்ன டப்பா நீல பெயின்ட், பிரஷ், நாலு உப்புத்தாள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள்.

கண்மாய்க் கரையில் அந்த ஒரு வீடுதான். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் முத்திருளன் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"யாரு தாயி?"

"மீன்கடை பரீத் வீட்டுல இருந்து வாரேன். அவர் சம்சாரம்."

அவர் முகம் வெளுத்தது. "பாய்க்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாத்தான் இருக்கார். அய்யா, நான் சுத்தி வளைச்சுப் பேசல. உங்களுக்கு எந்த நாள்தான் நல்ல நாள்? இன்னும் எம்புட்டு வாரம் அவர் நடக்கணும்? படகுல தன் பேர் எப்ப வரும்னு எங்க பிள்ளை அழுதுக்கிட்டு இருக்கா."

முத்திருளன் அவள் கையிலிருந்த பையை எட்டிப் பார்த்தார். பெயின்ட் டப்பா தெரிந்தது.

"நான் எங்க தாயி நாள் பாத்தேன்? படகைக் குடுத்த அன்னைக்கே அழிச்சுக்கங்கன்னு சொல்லிப்புட்டேன். ஆனா பாய் உப்புத்தாளை எடுக்கவும், என்னால நின்னு பாக்க முடியல. உள்ள போயிட்டேன். கொஞ்ச நேரத்துல பாயும் பின்னாடியே வந்து உக்காந்துட்டாரு. 'அய்யா, உங்க சாங்கியப்படி பேர் வச்ச கைதான அழிக்கணும், நான் நாள் பாத்துட்டு வாரேன்'னாரு."

"அவரா சொன்னார்?"

"ஆமா. எங்கள்ல அப்படி ஒரு சாங்கியமே கிடையாது. அன்னையிலருந்து செவ்வாய்க்குச் செவ்வாய் காலண்டர்த் தாளைக் கிழிச்சு எடுத்துட்டு வந்துருவாரு. 'இன்னைக்கு அஷ்டமிங்கய்யா, வேணாம்'பாரு. அப்புறம் ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசிட்டுத்தான் போவாரு."

சபிஹா அடுக்கி வைத்திருந்த கேள்வியெல்லாம் கலைந்துவிட்டது.

"தெரிஞ்சும் நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"மகன் திருப்பூர்ல இருக்கான். பொங்கலுக்குத்தான் வருவான். மத்த நாள்ல இந்த வீட்டுல பேச்சுச் சத்தமே கிடையாது தாயி. பேரை அழிச்சுட்டா பாய் இங்க எதுக்கு வந்து உக்காரப் போறாரு? அதான் அவர் அஷ்டமின்னா நானும் அஷ்டமின்னு தலையாட்டிக்கிட்டு இருந்துட்டேன்."

கையை நீட்டினார். "சின்னப்பிள்ளை பேர் காத்துக் கிடக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சு. தப்புத்தான். உப்புத்தாளைக் குடு, நானே அழிக்கிறேன்."

சபிஹா அந்தக் கையில் பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் மட்டும் வைத்தாள்.

"அழிக்க வேணாம்ய்யா. படகுக்கு இன்னொரு பக்கம் சும்மாதானே இருக்கு? சமீனான்னு பிள்ளை பேரை அந்தப் பக்கம் எழுதுங்க. போட்டோ எடுத்துக்கிறேன்."

முத்திருளன் படகைப் பார்த்தார். சந்தோஷப்படத்தான் முயன்றார்.

"அப்ப பாய் இனிமே நாள் பாத்துக்கிட்டு வர வேண்டியதில்ல."

"வர வேண்டியதில்லதான்." சபிஹா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒரு படகுல ரெண்டு பேர் இருந்தா, எங்கள்லயும் ஒரு சாங்கியம் இருக்குங்கய்யா. பேர் எழுதின ஆளு நாப்பது வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடணும்."