பொத்தான்மேல் நின்றவர்கள்

அலுவலகக் கணினித் திரையில் இருக்கும் 'ராஜினாமா' பொத்தானை யாரும் அழுத்த வேண்டியதில்லை. மவுஸின் அம்பு மூன்று விநாடி அதன்மேல் நின்றாலே போதும், மறுநாள் காலை அந்தப் பெயர் மரகதவல்லியின் பட்டியலில் ஏறிவிடும். பட்டியலில் வந்தவர்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன குறை என்று கேட்டு, சமாதானப்படுத்தி, அதை எழுதியும் வைப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக இதேதான்.

இன்று சவரிராஜ். அம்பு நின்றது ஆறு நிமிடம்.

"சத்தியமா போகணும்னு நெனைக்கலக்கா. அசந்து தூங்கிட்டேன், கை அங்கயே நின்னுபோச்சு."

தூக்கம் என்று எழுதினால் அவன் வேலை போய்விடும்.

"வீட்டுக் கவலைன்னு எழுதிக்கறேன். போய் மூஞ்சியக் கழுவிட்டு வா."

தன் இடத்துக்குத் திரும்பியவள், அம்பை அதே பொத்தான்மேல் கொண்டுபோய் விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். நாளைக்குத் தன் பக்கத்திலும் யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரட்டும் என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் பட்டியலில் ஒரே பெயர்தான். மரகதவல்லி, நாற்பது நிமிடம். விசாரிக்க வேண்டியவர்: மரகதவல்லி.

பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: 'பேசியாச்சு. சமாதானமாகிவிட்டார்.'