தெருவைப் பார்த்த அறை

திண்டிவனத்தில் சாலை இரண்டாகப் பிரிவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு டீக்கடை ஓரமாக சித்தார்த்தன் காரை நிறுத்தினான். இடப்பக்கம் திரும்பினால் பாண்டிச்சேரி. நேராகப் போனால் விழுப்புரம்.

"இப்பவாச்சும் முடிவு பண்ணு" என்றான் மனைவியிடம்.

ஆர்த்தி போனில் இரண்டு ஹோட்டல்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே கம்பெனி. வங்கிக் கிளைகளில் கணக்குத் தணிக்கை செய்வது அவள் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். வெளியூர் என்றால் இந்தக் கம்பெனி ஹோட்டல்தான். இத்தனை ராத்திரி வீட்டில் தூங்காமல் இருந்ததற்குப் பரிசாக அவளை கோல்டு மெம்பர் ஆக்கியிருந்தார்கள்.

சேர்ந்திருந்த பாயிண்டுகளுக்குப் பாண்டிச்சேரியில் ஓர் இரவு இலவசம். கடலைப் பார்த்த பால்கனி, காலைச் சாப்பாடு, மறுநாள் சாயங்காலம் நாலு மணி வரை அறையைக் காலி செய்ய வேண்டியதில்லை.

விழுப்புரத்து ஹோட்டலில் அப்படி ஒன்றும் கிடையாது. எதிரே ஒரு கல்யாண மண்டபம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த மண்டபத்தில் நாளைக் காலை அவள் தங்கை கலைப்பிரியாவுக்குக் கல்யாணம். இன்று மாலை ஆறு மணிக்குப் பெண்ணழைப்பு. ஆர்த்திக்குப் பத்திரிகை வரவில்லை.

வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஊர்த்தெருவில் பிறந்த பெண், காலனிப் பையனைக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அப்பா சீனுவாசன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தங்கை மட்டும் வீட்டுக்குத் தெரியாமல் பேசுவாள்.

போன மாதம் அவள் மண்டபத்தின் பேரைச் சொன்னபோது, "எதுத்தாப்லயே எங்க ஓட்டலு இருக்குது. ஜன்னல்ல நின்னுக்கினு உன்னப் பாத்துக்கறேன், போ" என்று ஆர்த்தி சிரித்தாள். போனை வைத்த பிறகு அழுதாள்.

சென்னையில் கிளம்பும்போது இருந்த தைரியம் திண்டிவனம் வருவதற்குள் பாதியாகிவிட்டது. சொந்தக்காரர் எவர் கண்ணிலாவது பட்டுவிட்டால் மண்டப வாசலிலேயே ரகளை ஆகும். தங்கைக்கு அது தேவையா என்று யோசித்தாள். பார்க்காமல் இருக்கவும் முடியாது போலிருந்தது.

"ஒரு தபா போன் போட்டுக் கேளேன்" என்றான் சித்தார்த்தன். "தெருப் பக்கம் ரூம் இருந்தா விழுப்புரம். இல்லன்னா பாண்டி. எதுக்கு பேஜாரு?"

அவன் டீ வாங்க இறங்கினான். அவள் விழுப்புரத்தைக் கூப்பிட்டாள்.

எடுத்தது ஒரு பெண். மெம்பர் நம்பரைச் சொன்னதும் குரலில் மரியாதை கூடியது.

"கோல்டு மெம்பருங்களா? பின்பக்கம் பெரிய ரூமா போட்டுடறேன் மேடம். முன்பக்கம் வேணாங்க. எதுர்ல கல்யாணம். மேளம், வெடின்னு தூங்கவே முடியாது."

எத்தனையோ ஊர்களில் சத்தமில்லாத அறைக்காகச் சண்டை போட்டவள் ஆர்த்தி. தெருப் பக்கம்தான் வேண்டும், எவ்வளவு சின்ன அறையானாலும் பரவாயில்லை என்று இப்போது கெஞ்சினாள்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆர்த்தி சீனுவாசன்தானே? உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு ரூம் இருக்குதே மேடம். மூணாவது மாடி, தெருப் பக்கம்."

நான் எதுவும் போடவில்லையே என்றாள் ஆர்த்தி.

"பெரியவரு ஒருத்தரு திங்கக்கெழம நேர்ல வந்தாருங்க. முன்பக்கம் அத்தன ரூமையும் தொறக்கச் சொல்லி, ஒவ்வொரு ஜன்னல்லயும் நின்னுக்கினு பாத்தாரு. மண்டப வாசல் எதுல இருந்து நல்லா தெரியுதுன்னு. அப்புறந்தான் உங்க பேர எழுதச் சொன்னாரு. உங்க அப்பாங்களா?"

அந்த ஜன்னல் பேச்சைக் கலைப்பிரியா அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

லிஃப்ட் என்றாலே பயப்படுகிற மனுஷன். முட்டி வலியோடு மூன்று மாடி ஏறியிருப்பார். ஒவ்வொரு ஜன்னலிலும் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றிருப்பார். நாலு வருஷத்துக் கோபம் அவளுக்கு ஒரு நொடியில் கரைந்துபோனது. எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு ஜன்னலில் நிற்பது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சரிம்மா. நானும் எங்க வூட்டுக்காரரும் அஞ்சரைக்குள்ள வந்துடுவோம்."

அந்தப் பெண்ணின் குரல் தணிந்து வந்தது.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. கூட யாராச்சும் வந்தா சாவி குடுக்காதன்னு பெரியவரு கண்டிஷனா சொல்லிட்டுப் போயிருக்காரு. உங்க ஒருத்தருக்குன்னா மட்டும்தான் அந்த ரூமு."

இரண்டு கையிலும் டீயோடு சித்தார்த்தன் வந்துகொண்டிருந்தான். ததும்பாமல் இருக்க, தரையைப் பார்த்தபடி நடந்தான்.

ஜன்னலில் நின்று பார்ப்பது ஒரு மணி நேர வேலைதான். சொன்னால் அவன் காரிலேயே இருப்பான். போயிட்டு வா, நான் இங்க இருக்கறேன் என்பான். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லமாட்டான். அப்படி அவன் சொல்லிவிடுவான் என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாத ஆத்திரமாக வந்தது.

அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொல்லிவிட்டு போனை வைத்தாள். பாண்டிச்சேரி ஹோட்டலைத் திறந்து, பதிவு செய்து முடித்தாள்.

சித்தார்த்தன் ஜன்னல் வழியாக டீயை நீட்டினான்.

"ரூம் இல்லியா?"

"இருந்துச்சி."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"எத்தினி பேருன்னு சொன்ன?"

"ரெண்டு."

அவன் டீயைக் குடித்துவிட்டு, வண்டியை எடுத்து, இடப்பக்கம் திருப்பினான்.